கிரேஸி குவில்ட்: ‘பைத்தியக்கார மெத்தை’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

துணித் துண்டுகளைக் கோணல்மாணலாக இணைத்துத் தைக்கும் ‘கிரேஸி குவில்ட்’ (crazy quilt) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக முன்வைக்கப்பட்ட ‘பைத்தியக்கார மெத்தை’யில் இரண்டு சொற்களுமே எனக்கு உடன்பாடில்லை.

முதலில் மெத்தை. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சைப் பரப்பி மூன்றையும் சேர்த்துத் தைப்பதே குவில்ட். ஆனால் 1880களில் அமெரிக்க வீடுகளில் மோகமாகப் பரவிய இவ்வகையில் பெரும்பாலும் பஞ்சு கிடையாது. சாதாரணப் பருத்தித் துணியொன்றை அடியில் விரித்து, பட்டு, வெல்வெட், ரிப்பன் துண்டுகளைக் கோணல்மாணலாக அதன்மேல் பொருத்தி, இணைப்புகளின்மேல் இறகுத் தையல், மீன்முள் தையல் என வண்ண நூலோட்டி, இடைவெளிகளில் விசிறியையோ சிலந்தி வலையையோ தைத்த ஆண்டையோ பூவேலையாக இடுவார்கள். வரவேற்பறையில் பார்வைக்கு விரித்து வைத்த இதனை ‘ஒட்டுப்போர்வை’ எனலாம்.

அடுத்தது பைத்தியம். ஆங்கிலத்தில் ‘கிரேஸி’ என்ற சொல்லின் பழைய பொருள் விரிசல் விட்டது என்பதே. பீங்கான் மெருகில் மயிரிழைபோல ஓடும் விரிசலைக் குயவர்கள் இன்றும் ‘கிரேஸிங்’ என்கிறார்கள். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட, விரிசலோடிய மெருகுள்ள பீங்கான்கள் உள்ளிட்ட ஜப்பானியக் கலைப்பொருள்கள் இந்த மோகத்துக்கு வித்திட்டன என்று பரவலாகக் கருதப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், மனநோய்ச் சொல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை.

‘கிறுக்கல் ஒட்டுப்போர்வை’ என்ற யோசனை என்னைச் சற்றே மயக்கியது. கிறுக்குத்தனம், ஒழுங்கற்ற கோடு என்னும் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கும் வசதி அதில் உண்டு. ஆயினும் கிறுக்கல் என்றால் அக்கறையின்றி இழுத்தது என்றே பொருள்படும். ஓரங்குலத்தில் பத்துத் தையல் போட்டவள் அதை ஒப்பமாட்டாள். ‘வெடிப்பு’ என்றாலோ குதிகால்தான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே என் பரிந்துரை ‘விரிசல் ஒட்டுப்போர்வை’. இதில் ஒரு சிக்கல் உண்டு. எடை கூட்டுவதற்காக உலோக உப்புகள் ஏற்றப்பட்ட அக்காலப் பட்டு, இன்று மடிப்பு மடிப்பாக இற்றுப் பிளந்து உதிர்கிறது. இந்தச் சிதைவையும் விரிசல் என்றே எழுதினால், அருங்காட்சியகக் குறிப்பைப் படிப்பவர் எது வடிவமைப்பு, எது சேதம் என்று குழம்புவார். சேதத்துக்கு ‘பட்டு நொறுங்கல்’ என்று தனிச்சொல் வகுத்துக்கொண்டால் ‘நொறுங்கல் மிகுந்த விரிசல் ஒட்டுப்போர்வை’ என்று தெளிவாக எழுத முடியும். இதுவும் வேண்டாமென்போருக்கு என் இரண்டாம் தேர்வு ‘கோணல் ஒட்டுப்போர்வை’.