சின்னான் கூட்டின் மீது விழும் வெயிலை மறைப்பது எப்படி?

மேற்கு நோக்கிய முதல் மாடி பால்கனியில், செம்பருத்தித் தொட்டிச் செடியில் சின்னான் (கொண்டைக்குருவி) இணை ஒன்று ஏப்ரல் தொடக்கத்தில் கூடு கட்டியது. செந்நிறப் புள்ளிகள் தெளித்த மூன்று முட்டைகளில் இரண்டு, அடைகாக்கத் தொடங்கிய பதினான்காம் நாளில் பொரிந்தன. குஞ்சுகளுக்கு இன்று ஐந்து நாள் வயது. இதற்கிடையில் மாவுப்பூச்சித் தாக்குதலால் செடியின் இலைகள் உதிர்ந்துவிட, பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை கூட்டின் மீது நேரடியாக வெயில் விழுகிறது. முட்டைகள் இருந்ததால் செடிக்கு மருந்து அடிக்கவில்லை. அது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அந்த இரண்டு மணி நேரமும் பெற்றோரில் ஒன்று கூட்டின் விளிம்பில் நின்று, சிறகுகளை விரித்து, அலகைத் திறந்து மூச்சிரைத்தபடி நிழல் தருகிறது. அது இரை தேடப் போகும் நேரங்களில் குஞ்சுகள் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து கிடப்பதைப் பார்க்கவே தாங்கவில்லை.

நேற்று கம்பியில் பச்சை நிழல்வலை கட்டினேன். அது காற்றில் படபடத்ததால் பறவைகள் இரையைக் கவ்வியபடி கைப்பிடிச் சுவரிலேயே உட்கார்ந்திருந்தன. இருபது நிமிடத்தில் அவிழ்த்துவிட்டேன். இன்று அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்தபோதும் அவை நெருங்கவில்லை. சற்றுத் தள்ளி வைத்த தண்ணீர்த் தட்டை மட்டும் பயன்படுத்துகின்றன. தொட்டியை நான் நகர்த்தவில்லை.

குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேற இன்னும் ஒரு வாரம் ஆகலாம். பெற்றோர் அஞ்சி விலகாதபடி எந்தப் பொருளால், எவ்வளவு தொலைவில், எந்த நேரத்தில் நிழல் அமைக்க வேண்டும்?