காக்ஸ் 049: ஸ்டார்ட்டர் ஸ்பிரிங்கை வைத்து வருஷம் சொல்லலாமா?

கேள்வி: காக்ஸ் பேப் பீ 049 (0.8 சிசி) என்ற மாதிரி விமான எஞ்சின் ஒன்று கிடைத்திருக்கிறது. ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் ஸ்பிரிங் ஸ்டார்ட்டர் இருக்கிறது. அதை வைத்துக் காலம் கணிக்கலாமா?

பதில் 1: அதை மட்டும் நம்பாதீர்கள். பேப் பீ 1956-லிருந்து பல ஆண்டுகள் வந்தது. ஸ்பிரிங் சுலபமாகக் கழலும், உடையும், மாற்றப்படும். முதலில் எஞ்சின் மேலுள்ள எழுத்தைப் பாருங்கள். 'திம்பிள் ட்ரோம்' (காக்ஸின் பழைய வணிகப் பெயர்) என்றிருந்தால் பழைய காலத்துப் பாகம். அடுத்து சிலிண்டர்: எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வழி) அகலமான ஜன்னலாக இருந்தால் முந்தையது, மெல்லிய கீறல்களாக இருந்தால் பிந்தையது. ஆனால் சிலிண்டரும் மரையில் கழலும் பாகம்தான். கிராங்க்கேஸோடு (எஞ்சினின் அடி உடல்) சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

பதில் 2: வென்-மேக் என்ற இன்னொரு நிறுவனத்தின் 049 என்றால் நிலைமை வேறு. அதன் ரோட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர் எஞ்சினோடு சேர்ந்த அமைப்பு. அங்கே ஸ்டார்ட்டர் நல்ல சாட்சி.

பதில் 3: சோதிக்கும் முன் ஒன்று. எரிபொருளில் கலந்திருந்த பழைய விளக்கெண்ணெய் பிசினாகி பிஸ்டனைப் பிடித்திருக்கும். அந்த நிலையில் ஸ்பிரிங்கை முறுக்கினால் கொக்கி வளைந்துவிடும். ஹேர் டிரையரில் சூடாக்கி, மெல்லிய எண்ணெய் சில சொட்டு விட்டு, கையால் தாராளமாகச் சுழலும்வரை பொறுங்கள். பிறகு முன்னாலிருந்து பார்க்கையில் கடிகாரத் திசையில் ஒரு சுற்று போதும். ரீட் வால்வு (எரிபொருள் கலவையை உள்ளே விடும் மெல்லிய தகடு) எஞ்சின் என்பதால் சில நேரம் பின்பக்கமாகவும் ஓடும், விரலை விலக்கியே வையுங்கள்.