பிளஸ் ஒன் பயாலஜி பிராக்டிகல்: ஒரே மைக்ராஸ்கோப், 38 பசங்க, என்ன பண்றது?

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்து ஸ்கூல்ல இந்த வருஷம்தான் சேர்ந்தேன். லேப்னு ஒரு ரூம் இருக்கு, உருப்படியா வேலை செய்ற மைக்ராஸ்கோப் ஒண்ணே ஒண்ணு, ஸ்லைடெல்லாம் பாதி பூஞ்சை புடிச்சு கெடக்கு. வெங்காய வேர்ல மைட்டாசிஸ் (ஒரு செல் ரெண்டா பிரியறது) ரெண்டு தடவ போட்டு பாத்தேன், ஒரே சிவப்பு கறைதான், ஒரு க்ரோமோசோம் கண்ணுல படல, பசங்க முன்னாடி மானம் போச்சு. கையில எடுத்து பாக்குற மாதிரி எதாச்சும் சொல்லுங்களேன்.

— — —

மேடம், வேர எப்ப வெட்டுனீங்க? மத்தியானம் வெட்டுனா பிரியற செல் கம்மியாதான் கிடைக்கும், காலைல வெட்டுங்க. நுனியில ஒரு ரெண்டு மில்லிமீட்டர் மட்டும் போதும், மேல போனா அங்க செல் பிரியறதே இல்ல, நீளுறது மட்டும்தான். அசிட்டோகார்மைன் சாயத்துல ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு லேசா சூடு காட்டுங்க, கொதிச்சா போச்சு. கவர் ஸ்லிப் மேல பிளாட்டிங் பேப்பர வச்சு கட்டவிரலால நேரா அமுக்கணும், தேய்க்கக் கூடாது. 16 க்ரோமோசோமையும் எண்ண முடியாது, அதுக்கு ஆசைப்படாதீங்க, க்ரோமோசோம் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போற அனாஃபேஸ் கட்டத்துல ஒரு செல் கிடைச்சாலே பெரிய விஷயம்.

— — —

டெல்டாவுல இருந்துகிட்டு லேப்ல எதுக்குங்க தேடுறீங்க. நடவுக்கு முன்னாடி பசுந்தாள் உரத்துக்கு தக்கைப்பூண்டு விதைச்ச வயல் பக்கத்துல இருக்கும்ல, பூ எடுக்கற சமயத்துல, மடக்கி உழுறதுக்கு முன்னாடி பசங்கள கூட்டிட்டு போங்க. செடிய இழுத்துப் புடுங்காம மண்ணோட தோண்டி எடுத்து வாளித் தண்ணில அலசுங்க, இல்லன்னா வேர் முடிச்செல்லாம் (நைட்ரஜன புடிக்கற பாக்டீரியா இருக்கற எடம்) மண்ணுலயே நின்னுடும். பிளேடால ரெண்டா வெட்டுனா உள்ள ரத்தச் சிவப்பா இருக்கும், லெக்ஹீமோகுளோபின், நம்ம ரத்தத்துல இருக்கறது மாதிரியே இரும்பு உள்ள புரதம். "செடிக்கு ரத்தமா சார்"னு கண்டிப்பா ஒருத்தன் கேப்பான், அதுலயே ஒரு பீரியட் ஓடிடும். மணிலா அகத்தி கிடைச்சா இன்னும் நல்லது, அதுல தண்டுலயே முடிச்சு வரும். மைக்ராஸ்கோப்பே வேணாம்.

— — —

அந்த ஒரே மைக்ராஸ்கோப்ப அசோலாவுக்கு (தண்ணில மெதக்குற சின்ன பெரணி) வச்சுக்குங்க. இலைய ஸ்லைடுல வச்சு நல்லா நசுக்குனா உள்ள இருக்கற அனபீனாங்கற நீலப்பச்சைப் பாசி மணி கோத்த மாதிரி வெளிய வரும், நடுநடுவுல கொஞ்சம் பெருசா வெளிறிப் போன செல்தான் ஹெட்டெரோசிஸ்ட், நைட்ரஜன புடிக்கற எடம். அப்புறம் வாய்க்கால் தண்ணிக்குள்ள வளர்ற ஹைட்ரில்லா செடி, ஒளிச்சேர்க்கைய காட்ட. வெயில்ல வச்சு நிமிஷத்துக்கு எத்தன ஆக்சிஜன் குமிழின்னு எண்ணிட்டு, நிழல்ல வச்சு எண்ணச் சொல்லுங்க. தண்ணில ஒரு சிட்டிக ஆப்பசோடா போடுங்க, கார்பன் டை ஆக்சைடுக்கு. ஒரு தடவ காய்ச்சி ஆறுன தண்ணிலயும் வச்சு பாக்கச் சொல்லுங்க, ஏன் குமிழி கொறையுதுன்னு அவங்களே சண்ட போட்டுக்குவாங்க.

— — —

கேட்டவங்கதான் வந்திருக்கேன். சனிக்கிழமை போய் நாலு தக்கைப்பூண்டு செடி தோண்டிட்டு வந்தோம், வெட்டுனதும் சிவப்பு பாத்துட்டு ஒரே சத்தம். ஒரு பையன், எங்கப்பா வருஷா வருஷம் இத சேத்துல போட்டு மிதிப்பாரு, வேர இப்பதான் டீச்சர் பாக்குறேன்னான். ஆனா சில முடிச்சு உள்ள பச்சையா இருந்துச்சு, ஏன் சார்? சமாளிக்க முடியாம நாளைக்கு சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— — —

அது வயசான முடிச்சுங்க, சிவப்பு நிறமி செதஞ்சா பச்சையாயிடும், அதுல நைட்ரஜன் புடிக்கற வேலை நின்னு போச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வரையச் சொல்லுங்க.