ரெண்டு வயசு தாண்டியும் பத்து வார்த்தைதான் வருது, இன்னும் காத்திருக்கலாமா?

மழைமேகம்:
எல்லாருக்கும் வணக்கம், பையனுக்கு 2 வயசு 2 மாசம் ஆகுது. அம்மா, அப்பா, தாத்தா, பந்துக்கு "பா", வண்டிக்கு "டுர்ர்", இப்படி எண்ணிப் பாத்தா பத்து பன்னண்டுதான் தேறுது, ரெண்டு வார்த்தைய சேத்து இதுவரைக்கும் சொன்னதே இல்ல. ஆனா நாம பேசறது புரியுது, செருப்பு எடுத்துட்டு வாடான்னா கொண்டு வந்து தர்றான், வேணுங்கறத விரல் நீட்டிக் காட்டறான், நமக்குப் புரியலன்னா கைய பிடிச்சு இழுத்துட்டுப் போறான், அப்பவும் புரியலன்னா தரைல உருண்டு அழுகைதான். மாமியார் "அவங்க அப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான், ஆம்பளப் புள்ளைங்க அப்படித்தான், சும்மா டாக்டர்கிட்ட தூக்கிட்டு அலையாத"ங்கறாங்க. டாக்டரும் ஆறு மாசம் பாக்கலாம்னுட்டாரு. வீட்டுல ரெண்டு பாஷை பேசறோம், அதுல குழம்பிட்டானோன்னு வேற ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. காத்திருக்கறதா, இப்பவே யாரையாவது பாக்கறதா?

கடலோரம்:
பயப்படாதீங்க சிஸ், என் பையனும் ரொம்ப லேட்டாதான் பேசினான், இப்போ ஸ்கூல்ல அவன் வாய மூட வைக்கறதுதான் கஷ்டமா இருக்கு. நாங்க எந்த தெரபிக்கும் போகல. அந்தந்த நேரத்துல வரும்.

தென்றல்_அம்மா:
மொதல்ல காத பாத்துடுங்க. என் பொண்ணுக்கு பிறந்தப்பவே காது டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு, அதனால காதுல ஒண்ணும் இருக்காதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க, ஆனா அடிக்கடி சளி பிடிச்சு செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கட்டியிருந்துச்சு. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, கதவு படார்னு அடிச்சா திரும்புவா, ஆனா முதுகுக்குப் பின்னாடி நின்னு மெதுவா கூப்ட்டா அசைய மாட்டா, விளையாட்டு மும்முரத்துல இருக்கான்னு நினைப்போம். சில நாள் நல்லா கேக்கும் சில நாள் கேக்காது, அதனாலதான் கண்டுபிடிக்கறது கஷ்டம். சரி பண்ணினதுக்கு அப்புறம் வார்த்தைங்க ஒண்ணொண்ணா வர ஆரம்பிச்சுது.

பேச்சுத்தோழி:
நான் ஸ்பீச் தெரபிஸ்ட், சின்னக் குழந்தைங்களோடதான் வேலை. குழந்தைய நேர்ல பாக்காம இதுதான்னு சொல்லிட முடியாது, பொதுவா சொல்றேன்.

24 மாசத்துல 50 வார்த்தைக்குக் கம்மியா இருந்தா, இல்ல ரெண்டு வார்த்தை சேத்துப் பேசலன்னா, "லேட் டாக்கர்"னு சொல்வோம். அந்தக் கணக்குல உங்க பையனும் வர்றான். இவங்கள்ல நிறைய பேர் பள்ளிக்கூடம் போறதுக்குள்ள மத்த பிள்ளைங்கள எட்டிப் பிடிச்சிடறாங்க, கடலோரம் சொன்னது பொய் இல்ல. ஆனா யாரு எட்டிப் பிடிப்பா யாருக்குப் பின்னாடியும் சிரமம் தொடரும்னு ரெண்டு வயசுல யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது, அதனாலதான் சும்மா உக்காந்து காத்திருக்காதீங்கன்னு சொல்றேன். ஆண் பிள்ளைங்க கொஞ்சம் பிந்தறது உண்மைதான், அந்த வித்தியாசம் ரொம்பச் சின்னது, பத்து வார்த்தைல நிக்கறதுக்கு அது காரணம் ஆகாது. உங்க வீட்டுக்காரர் லேட்டா பேசினதும் ஆறுதல்பட வேண்டிய விஷயம் இல்ல, பேச்சு தாமதம் குடும்ப வழில வரும், யார்கிட்ட போனாலும் அத மறக்காம சொல்லுங்க.

ரெண்டு பாஷையால பேச்சு தாமதம் ஆகாது, தயவுசெஞ்சு ஒண்ண நிறுத்தாதீங்க. எண்ணும்போது ரெண்டு பாஷை வார்த்தையும் சேத்து எண்ணுங்க, "டுர்ர்"ம் கணக்குதான், எப்பவும் அதே பொருளுக்கு அதையே சொன்னா அது வார்த்தை.

எனக்கு எண்ணிக்கைய விட முக்கியம் புரிதல். செருப்பு எடுத்துட்டு வான்னு சொல்றப்போ நீங்க வாசல்ல பையோட நின்னா அவன் வார்த்தையால புரிஞ்சுக்கிட்டானா உங்களப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டானான்னு தெரியாது. தரைல உக்காந்து, கைய மடியில வச்சுக்கிட்டு, எந்தப் பக்கமும் பாக்காம, "பந்த பெட்டிக்குள்ள போடு", "சாக்ஸ அப்பாக்கு குடு"ன்னு சொல்லிப் பாருங்க. விரல் நீட்டிக் காட்டறது நல்ல அறிகுறி. அதுவே பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்பலன்னா, எதையும் சுட்டிக் காட்டலன்னா, முகம் பாத்து சிரிப்ப பகிரலன்னா, முன்னாடி சொன்ன வார்த்தைங்க காணாம போனா, ஒரு மாசம்கூட தள்ளக் கூடாது.

வீட்டுல இன்னிக்கே தொடங்கலாம். சோப்புக் குமிழி ஊதற டப்பா எடுத்துக்கோங்க. ஒரு தடவ ஊதி, "குமிழி! குமிழி போச்சு!"ன்னு சொல்லி, மூடிய இறுக்கி மூடிட்டு அவன் முகத்தையே பாத்துக்கிட்டு சும்மா இருங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, அந்த அமைதி பெரியவங்களுக்குத்தான் தாங்காது. அவன் பாத்தாலும் சரி, டப்பாவ நீட்டினாலும் சரி, "ஊ"ன்னாலும் சரி, "ஊது! அம்மா ஊது!"ன்னு சொல்லி உடனே ஊதிடுங்க. சொன்னாத்தான் தருவேன்னு பிடிச்சு வைக்காதீங்க, பேச்சுமேலயே வெறுப்பு வந்துடும். "இது என்ன? சொல்லு, சொல்லு"ன்னு நாள் பூரா கேக்கறதையும் குறைங்க, அவன் எத பாக்கறானோ அதப் பத்தி நீங்க பேசுங்க. "பா"ன்னா "பெரிய பந்து", "பந்து உருளுது"ன்னு ஒரு வார்த்தை கூட்டிக் குடுங்க. சைகை பண்ணா பேச்சு வராதுன்னு சொல்வாங்க, நம்பாதீங்க, சைகை பேச்சுக்குக் கைகுடுக்கும்.

மழைமேகம்:
ரொம்ப நன்றி மேடம். நீங்க சொன்ன மாதிரி கைய மடியில வச்சுக்கிட்டு கேட்டுப் பாத்தேன். பந்த போட்டுட்டான், சாக்ஸ்னதுக்கு என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னான், கை காட்டினதும் ஓடிப் போய் எடுத்தான். ஒருவேளை எங்கள பாத்துதான் இத்தன நாள் சமாளிச்சிருக்கானா? இன்னொண்ணு, போன் ரொம்ப பாப்பான், அதனாலயா?

பேச்சுத்தோழி:
சாக்ஸ்ங்கற வார்த்தையே அவனுக்குப் பழக்கம் இல்லாம இருக்கலாம், அவனுக்கு நல்லாத் தெரிஞ்ச நாலஞ்சு சாமான வச்சு வேற வேற நேரத்துல கேட்டுப் பாருங்க. அப்பவும் இப்படித்தான்னா புரிதல்லயும் தாமதம் இருக்கலாம், அப்போ ஆறு மாசம் காத்திருக்கறது எனக்கு சரியாப் படல. போன் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா போன் இவன் சொன்னதுக்கு பதில் சொல்லாது, நீங்க சொல்வீங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது ரெண்டு வயசுக் குழந்தைக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், குறைஞ்சா இன்னும் நல்லதுன்னு.

போறப்போ அவன் சொல்ற வார்த்தைங்க, சத்தங்க எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டுப் போங்க, வீட்டுல விளையாடறத ஒரு சின்ன வீடியோவும் எடுத்து வச்சுக்கோங்க, புது இடத்துல நிறைய குழந்தைங்க வாயே தொறக்காது. காது டெஸ்டுக்கு போன் பண்றப்பவே கேட்டுக்கோங்க, தூங்கறப்போ எடுக்கறதும் இருக்கு, முழிச்சிருக்கறப்போ சத்தத்துக்குத் திரும்பறானான்னு பாக்கறதும் இருக்கு. தூக்கத்துல எடுக்கறதுன்னா அவன் தூங்கற நேரமாப் பாத்து டைம் வாங்குங்க, வழியில வண்டிலயே தூங்கிட்டான்னா அங்க போய் முழிச்சுக்குவான்.