சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தபோது: மலேசியாவில் இரு நாடக ஆசிரியர்கள் எழுதிக்கொண்டது

பினாங்கிலிருந்து:

ஜார்ஜ்டவுனில் ஒரு சீன இடைநிலைப் பள்ளியில் புறப்பாட நடவடிக்கையாக நாடகம் எடுத்தேன். பிள்ளைகளுக்கு வகுப்பில் மாண்டரின், வீட்டில் ஹொக்கியன் என்ற இன்னொரு சீன மொழி, என்னிடம் மலாயும் ஆங்கிலமும் கலந்த ஒன்று. நாடகம் பார்த்ததுண்டா என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றார்கள். எப்படி நம்புவது? சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்தால் போதும், இந்த ஊரில் சந்தைக்குச் சந்தை போ தோர் விழா, அதாவது பசித்த ஆவிகளுக்குப் படைக்கும் விழா. பேய்களின் அரசனான தாய் சு யாவின் காகித உருவம் ஒரு பக்கம், சீனக் கூத்து மேடை இன்னொரு பக்கம். அது நாடகமில்லையா என்றேன். "அது பேய்களுக்கு, லாவ்ஷி (ஆசிரியரே)" என்றான் ஒருவன். அவன் சொல்வதும் சரிதான். முன்வரிசை நாற்காலிகளை அவர்களுக்காகத்தானே காலியாக விடுகிறார்கள்!

அதையே பயிற்சியாக்கினேன். முன்வரிசையில் உங்கள் கொள்ளுத் தாத்தா உட்கார்ந்திருக்கிறார், இன்றைய வீட்டை அவருக்கு நடித்துக் காட்டுங்கள் என்றேன். மாண்டரினில் பேச்சுப் போட்டி மாதிரி நெஞ்சை நிமிர்த்தி ஒப்பித்தார்கள். ஹொக்கியனில் பேசலாமே என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வீட்டு மொழி பேசினால் அபராதம் போட்ட சீனப் பள்ளிகள் உண்டு. அந்தக் கூச்சம் லேசில் போகாது. ஒரு பெண் மட்டும் எழுந்து, இடுப்பில் கையை வைத்து, மீன்காரரோடு விலைக்கு மல்லுக்கட்டும் ஆமாவாக, அதாவது பாட்டியாக, மாறினாள். பினாங்கு ஹொக்கியனில் மலாய்ச் சொற்கள் தாராளம் என்பதால் எனக்கே பாதி புரிந்தது. அப்புறம் மற்றவர்களை நிறுத்துவதுதான் பெரும்பாடு.

ஓர் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பேயை எதற்குப் பள்ளிக்குள் கூப்பிடுகிறீர்கள் என்றார். நியாயம்தான். ஏழாம் மாதம் முடிந்த பிறகே மேடையேற்றினோம்.

ஜொகூர் பாருவிலிருந்து:

எங்கள் பக்கம் வேறு மாதிரி. 24 பருவ முரசு என்ற கூட்டு முரசு ஆட்டம் 1988-இல் பிறந்த ஊர் இது. சீன நாட்காட்டியின் 24 பருவங்களில் முரசுக்கு ஒன்றாகப் பெயர் எழுதியிருக்கும். என் மாணவர்களில் பலர் முரசுக் குழுவினர். கூட்டமாக நிற்கும்போது அசைவு அத்தனை கச்சிதம். தனியே நடுவில் நிறுத்தினால் வாயே திறப்பதில்லை. முரசைத் தட்டிக்கொண்டே சண்டை போடச் சொன்னேன், வசனம் தானாக வந்தது.

ஒரு சந்தேகம்: ஹொக்கியன் வசனத்தைப் பள்ளி விட்டதா?

பினாங்கிலிருந்து:

முழுதும் மாண்டரினில் இருக்க வேண்டும் என்றார்கள். வயதானவர் வேறு எப்படிப் பேசுவார் என்று வாதாடி, ஆமாவுக்கு மட்டும் அனுமதி வாங்கினோம். அடுத்த ஒத்திகையில் பார்த்தால் நாடகத்தில் நான்கு ஆமாக்கள்!