மொட்டை மாடி ஒழுகுது, கமர்ஷியல் பில்டிங். மெம்ப்ரேனா, பியூ கோட்டிங்கா, தட்டோடா? அவசரம்

கடைவீதி:
வணக்கம். எங்க பில்டிங் மேல்தளம் ஒழுகுது, கீழ ஜவுளிக்கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கோம், துணி பேல் மேல சொட்டுதுன்னு தினமும் போன். வந்து பாத்த கான்ட்ராக்டர்ல ஒருத்தர் மெம்ப்ரேன் (தார் ஷீட்) ஒட்டணும்ங்கிறார், இன்னொருத்தர் பியூ கோட்டிங் (பெயின்ட் மாதிரி அடிக்கிற பாலியூரித்தேன்) அடிச்சா போதும்ங்கிறார், வேற ஒருத்தர் எல்லாத்தையும் உடைச்சு புதுசா தட்டோடு (சுட்ட களிமண் ஓடு) பதிக்கணும்னு சொல்லி பெரிய ரேட்டு குடுத்திருக்கார். மழைக்கு முன்னாடி முடிக்கணும். எது பெஸ்ட்னு சொல்லுங்க ப்ளீஸ்.

சைட்டுசாமி:
எந்த ஊர்? எத்தனை சதுர அடி? இப்ப தளத்து மேல என்ன இருக்கு, வெறும் கான்கிரீட்டா, தட்டோடா? மழை பெய்யும்போது மட்டும் ஒழுகுதா, நின்ன பிறகும் ஒழுகுதா?

டபுள்கோட்:
பியூ போட்டுடுங்க, யோசிக்கவே வேணாம். ஜாயின்ட்டே இல்லாம ஒரே தோலா நிக்கும், விரிசல் விட்டாலும் கொஞ்சம் இழுத்துக்கும். ஆனா வெயில் தாங்குற டாப் கோட் கேளுங்க, சிலர் மலிவுக்கு அதை விட்டுட்டு அடிச்சுட்டு போயிடுவாங்க, ரெண்டு கோடையில மாவு மாவா உதிரும்.

சுண்ணாம்புக்காளவாய்:
எங்க தாத்தா காலத்துல எந்த கெமிக்கல் இருந்துச்சு? செங்கல் ஜல்லி, நீத்த சுண்ணாம்பு, கடுக்காய் தண்ணி, வெல்லம். கட்டையால அடிச்சு இறுக்கி மேல தட்டோடு. ஒழுகாது, கீழ சூடும் இறங்காது. மூணாவதா வந்தவர் சொன்னதுதான் சரி.

மட்டப்பலகை:
இதே கேள்விக்கு இங்க எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் பாக்கிற பழக்கம் யாருக்கும் இல்ல. வாட்டம் (தண்ணி ஓடுற சரிவு) எவ்வளவு, தண்ணி போற பைப் எத்தனைன்னு சொல்லாம "எது பெஸ்ட்"னு கேட்டா யார்தான் என்ன சொல்ல முடியும்? பத்தடிக்கு ஒன்றேகால் இன்ச்சாவது இறங்கணும். தண்ணி நிரப்பின ரசமட்டம் டியூப் வச்சு நீங்களே பாக்கலாம், எஞ்சினியர் தேவையில்ல. வாட்டம் இல்லாத தளத்துல தங்கத்தை உருக்கி ஊத்தினாலும் ஒழுகும்.

கடைவீதி:
தஞ்சாவூர் சார். 4000 சதுர அடி வரும். ஆர்சிசி தளம்தான்.

சைட்டுசாமி:
தம்பி, மேல என்ன இருக்குன்னு கேட்டேனே. ஏசி அவுட்டோர், டேங்க், சோலார் ஏதாவது வச்சிருக்கீங்களா?

கடைவீதி:
தட்டோடு இருக்கு, அப்பா கட்டினப்பவே போட்டது. அதுக்கு மேல ரெண்டு வருஷம் முன்னாடி சூடு குறையும்னு வெள்ளை கோட்டிங் அடிச்சோம். கடைக்காரங்க ஏசி யூனிட் ஆறு, ஸ்டாண்டுக்கு தளத்துலயே போல்ட் அடிச்சிருக்காங்க. தண்ணி போக நாலு இன்ச் பைப் ரெண்டு. மழை விட்டு ரெண்டு நாள் ஆனாலும் சொட்டிக்கிட்டே இருக்கு, அதுதான் புரியல.

சைட்டுசாமி:
இப்பதான் விஷயத்துக்கு வந்திருக்கீங்க. மழை விட்ட பிறகும் சொட்டுதுன்னா முதல்ல ஏசி ட்ரெயின் பைப்பையும் டேங்க் ஓவர்ஃப்ளோவையும் பாருங்க. அது ரெண்டும் இல்லன்னா தட்டோட்டுக்கு கீழ இருக்கிற ஜல்லித்தளம் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு) தண்ணி குடிச்சு வச்சிருக்கு. போல்ட் ஓட்டை வழியாவும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையிலயும் உள்ள போகும். நீங்க மேல வெள்ளை கோட்டிங் அடிச்சதால ஆவியாகி மேல வர வழி இல்ல, கீழதான் இறங்கும். இதுக்கு மேல பியூ அடிச்சா கொப்புளம் கொப்புளமா எழும்பும், மெம்ப்ரேன் ஒட்டினாலும் அதே கதி. சந்தேகம்னா, கோட்டிங்கை ஒரு இடத்துல சுரண்டிட்டு, ஒன்றரை அடி சதுரத்துக்கு பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ராத்திரி பூரா விடுங்க. காலைல உள்பக்கம் வேர்த்திருந்தா ஈரம் இருக்குன்னு அர்த்தம்.

சுண்ணாம்புக்காளவாய்:
அப்ப பழசு மேலயே ஒரு புது ஜல்லித்தளம் போட்டா என்ன?

சைட்டுசாமி:
அண்ணே தயவுசெஞ்சு அதை சொல்லாதீங்க. மூணு இன்ச் ஜல்லித்தளம் சதுர மீட்டருக்கு சுமார் 140 கிலோ வரும். அவர் மாடிக்கு கணக்கு போட்டா ஐம்பது டன்னுக்கு மேல. பழைய தளத்து கம்பி எந்த நிலைமையில இருக்குன்னு தெரியாம அதை ஏத்தக் கூடாது.

டபுள்கோட்:
அதான் சொல்றேன், சுண்ணாம்பு எல்லாம் மெட்ராஸ் டெரஸ் காலத்தோட போச்சு.

சுண்ணாம்புக்காளவாய்:
மெட்ராஸ் டெரஸ் வேற, இது வேற. அது மர உத்திரம் வரிசைக்கு மேல செங்கலை நிமித்தி வச்சு சுண்ணாம்புல கட்டுற தளம். நான் சொல்றது ஆர்சிசி மேல போடுற ஜல்லிச் சுண்ணாம்பு. பொதுப்பணித்துறை கட்டடம் எத்தனையில இன்னும் நிக்குதுன்னு போய் பாருங்க. அடிக்கிற ஆள் சரியா அடிச்சா அம்பது வருஷம் போகும்.

டபுள்கோட்:
அடிக்கிற ஆள் எங்க இருக்கான் இப்ப? ரெண்டு நாள்ல சிமென்ட்ட கலந்து சமன் பண்ணிட்டு சுண்ணாம்புன்னு பில் போடுறாங்க.

சுண்ணாம்புக்காளவாய்:
அது ஆளோட தப்பு, சுண்ணாம்போட தப்பு இல்ல.

மட்டப்பலகை:
ரெண்டு பேரும் தனி இழை ஆரம்பிங்க. அவர் பைப் ரெண்டுன்னு சொன்னது யார் கண்ணுலயும் படலையா? மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்துல கொட்டினா நாலு இன்ச் பைப் ஒண்ணு 900 சதுர அடி தண்ணியத்தான் இழுக்கும். 4000க்கு அஞ்சு வேணும். மீதி தண்ணி மாடியில குளமா நிக்கும். ஆயிரம் சதுர அடியில ஒரு இன்ச் தண்ணி நின்னா ரெண்டேகால் டன். படிக்காம ரேட்டு பேசறவங்களால வர்ற வினை இது.

நிலாப்பந்தல்:
விஷயம் சரிதான் மட்டப்பலகை அண்ணா, ஆனா புதுசா வர்றவங்கள ஒவ்வொரு தடவையும் இப்படி பேசினா அடுத்து யாரும் கேக்க மாட்டாங்க. கேக்காம தப்பா செஞ்சா நஷ்டம் அவங்களுக்குத்தான்.

கடைவீதி தம்பி, மெம்ப்ரேன் எடுத்தா பெரும்பாலும் கேஸ் டார்ச்ல உருக்கித்தான் ஒட்டுவாங்க. அவுட்டோர் யூனிட்ல இருந்து போற காப்பர் பைப் மேல கருப்பு ஸ்பாஞ்ச் சுத்தியிருக்கும்ல, அதுல தீப்பொறி பட்டா பைப்போடயே ஓடும், கீழ ஜவுளி. அந்த பைப்பை மறைக்காம, தீயணைப்பான் பக்கத்துல இல்லாம வேலைய ஆரம்பிக்க விடாதீங்க. வெறும் கருப்பு ஷீட்டை வெயில்ல அப்படியே விடவும் கூடாது, மேல கல் பொடி ஒட்டின ஷீட் கேளுங்க. சுவர்ல ஒரு அடி ஏத்தி, காடி (நீளப் பள்ளம்) வெட்டி உள்ள சொருகணும். மூலையில சிமென்ட்ல சரிவு கொடுத்த பிறகுதான் ஒட்டணும், நேரா மடிச்சா அங்கதான் கிழியும்.

டபுள்கோட்:
ஈரம் விஷயம் ஒத்துக்கிறேன். பழசை எடுத்துட்டு தளம் காஞ்ச பிறகு பியூ, அப்ப சரியா வரும். யூனிட் கால், பைப் வாய்னு இடைஞ்சல் நிறைய இருக்கிற மாடிக்கு ஷீட்டை விட பிரஷ்ல அடிக்கிறதுதான் சுலபம்.

சைட்டுசாமி:
ஆமா, ஆனா எப்ப எடுக்கிறது? இப்ப செப்டம்பர் கடைசி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்குல ஆரம்பிக்கும். 4000 சதுர அடியையும் இப்ப உடைச்சுப் போட்டு மழை வந்தா ஜவுளிக்கடை மொத்தமா போச்சு. என்னைக் கேட்டா இந்த வருஷம் கைவைத்தியம் மட்டும். கைப்பிடிச் சுவர்ல கான்கிரீட் தள மட்டத்துக்கே ஓட்டை போட்டு கூடுதலா மூணு பைப் வைங்க, தட்டோட்டு மட்டத்துல வச்சா ஜல்லிக்குள்ள இருக்கிற தண்ணி வெளிய வராது. போல்ட் ஓட்டைய அடைச்சு யூனிட்டை கான்கிரீட் மேடை மேல தூக்கி வைங்க. மூலைய மட்டும் சீல் பண்ணுங்க. பிப்ரவரியில பழசை எடுத்து வாட்டம் சரி பண்ணி, அதுக்கு மேல எதைப் போடுறதுன்னு அப்ப முடிவு பண்ணுங்க. முடிச்சதும் பாத்தி பாத்தியா கட்டி 48 மணி நேரம் தண்ணி நிறுத்திப் பாத்துட்டுத்தான் கடைசி காசு குடுக்கணும், இதை அக்ரிமென்ட்லயே எழுதுங்க.

கடைவீதி:
எல்லாருக்கும் நன்றி. ஏசி ட்ரெயின், டேங்க் ரெண்டும் சரியாத்தான் இருக்கு. ஒரு மூலையில தட்டோட்டை எடுத்துப் பாத்தோம், ஜல்லி கையில பிடிச்சா தண்ணி வடியுது. பைப் வேலை நாளைக்கு ஆரம்பிக்கிறாங்க. மத்தது பிப்ரவரி. ஏசி யூனிட்டை தூக்கி வைக்கிற செலவு நாங்களா, கடைக்காரங்களா?

நிலாப்பந்தல்:
வாடகை ஒப்பந்தத்தை பாருங்க. மாடியில ஓட்டை போட உங்க அனுமதி எழுத்துல வாங்கியிருக்காங்களா?

சைட்டுசாமி:
போல்ட் அடிச்ச இடத்தையெல்லாம் இன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க தம்பி, தூக்கின பிறகு எடுக்க முடியாது.