புதுப்பிப்பு: ஓவர்லாக் இயந்திரம் வாங்கும் முடிவைக் கைவிட்டோம்

திருப்பூரில் உள்ள எங்கள் தையற்கூடத்தில் தையலோரம் ஓட்டை விழுந்து பனியன்கள் கழிவதால் புதிய ஓவர்லாக் இயந்திரங்கள் (துணியோரத்தை வெட்டி, நூல் பிரியாமல் சுற்றித் தைப்பவை) வாங்கலாமா என்று கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. டொயோட்டா கார் நிறுவனத்தின் பொறியாளர் தைச்சி ஓனோ வலியுறுத்திய ‘ஐந்து முறை ஏன்’ என்ற கேள்விமுறைக்கு (மூலகாரணம் தெரியும்வரை ‘ஏன்’ என்று அடுத்தடுத்துக் கேட்பது) முன்பாக, பழுதுகளை இயந்திரவாரியாக ஒரு வாரம் எண்ணச் சொன்ன யோசனையே பலித்தது. 12 இயந்திரங்களில் 3-இல்தான் பெரும்பாலான ஓட்டைகள். அவற்றின் ஊசிமுனையில் பிசிர் எழுந்து, நகத்தின்மீது இழுத்தால் கீறல் விழுந்தது. ஊசி ஏன் மாற்றப்படவில்லை என்று கேட்டுக்கொண்டே போனபோது, ஊசிப்பெட்டியின் சாவி என் மேசை இழுப்பறையில் இருந்ததும், நான் இல்லாத நாள்களில் தேய்ந்த ஊசியோடே தைத்ததும் தெரியவந்தன. இதை நான் எதிர்பார்க்கவில்லை. சாவி இப்போது மேற்பார்வையாளரிடம் உள்ளது. மெல்லிய சிங்கிள் ஜெர்சித் துணியில் (பனியனுக்கான ஒருவகைப் பின்னல் துணி) மட்டும், இழையை அறுக்காமல் விலக்கிச் செல்லும் உருண்டைமுனை ஊசி போட்ட பிறகே ஓட்டை குறைந்தது.